அருகில் நின்ற மனிதர்



சென்ற மாதத்து முதல் வெள்ளிக்கிழமை. மாலைத் திருப்பலி முடிந்து நான் திருவுடைகளைக் களைந்துகொண்டிருந்தபோது, கல்மண்டபம் மார்க்கெட்டில் மீன் விற்கும் தாய் ஒருத்தி வாசற்படியில் வந்து நின்றாள். பூசைக்கு வேண்டுதல் சொல்ல வந்திருக்கிறாள் என்றே எண்ணினேன். அவளோ குரலைத் தாழ்த்திக்கொண்டு, "சாமி, எம்புள்ள சினிமாவுல நடிச்சிட்டு வந்திருக்கான். கழுத்துல செபமாலையப் போட்டு, கையில கத்தியக் குடுத்து நிக்க வெச்சாங்களாம். இது பாவமா சாமி?" என்று கேட்டாள்.

பையனை அனுப்பும்படி சொன்னேன். மறுநாள் வந்தான். துறைமுகத்தில் சரக்குப் பெட்டிகளுக்கிடையே நாட்கூலிக்கு வேலை செய்பவன்; வேலை இல்லாத நாட்களே இப்போது அதிகம். யாரோ ஒரு தரகர் வந்து, படப்பிடிப்புக்கு வடசென்னை முகங்கள் பத்துப் பேர் வேண்டும் என்று கேட்டு, வேனில் ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார். நாள் முழுவதும் வில்லனுக்குப் பின்னால் வெயிலில் நின்றானாம். சாப்பாடு போட்டார்கள், பேசிய கூலியையும் குறைக்காமல் கொடுத்தார்கள். கழுத்தில் கிடந்தது அவனுடைய செபமாலை அன்று. அலங்கார அறையிலிருந்து ஒருவர் கொண்டுவந்து மாட்டிவிட்டது.

"கதையில் உனக்கு என்ன பெயர்?" என்று கேட்டேன்.

"பேரெல்லாம் இல்ல சாமி. அடியாள் நாலு."

அவன் சிரித்துக்கொண்டுதான் சொன்னான். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

தமிழ்த் திரைப்படங்களில் நம் மக்களுடைய பெயர்கள் எத்தகையோருக்குச் சூட்டப்பட்டன என்பதை நீங்கள் அறிவீர்கள். மதுக்கூடத்தில் ஆடும் பெண்ணா, அவள் ரீட்டா. கள்ளக் கடத்தல்காரனின் கையாளா, அவன் பீட்டர் அல்லது ராபர்ட். கறுப்பு அங்கி அணிந்த குருவானவர் ஒருவர் வந்தால், இரண்டு கைகளையும் விரித்து "என் மகனே" என்று ராகம் போட்டுப் பேசிவிட்டுப் போய்விடுவார். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகக் குருத்துவப் பணி புரிந்துவரும் நான் அவ்விதம் ஒருநாளும் பேசியதில்லை. பேசியிருந்தால் நீங்கள் என்னை மேற்றிராணியாரிடம் அனுப்பியிருப்பீர்கள். கிறிஸ்தவருக்கு நேர்ந்தது இது. வடசென்னைக்கோ இதனினும் மோசம். இராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் என்ற பெயர்களைக் கேட்டவுடனே கத்தியும் ரத்தமும் நினைவுக்கு வரும்படி செய்துவிட்டார்கள். வேலைக்கு விண்ணப்பித்துவிட்டு நேர்முகத் தேர்வுக்குச் செல்லும் நம் பிள்ளைகள் முகவரியைச் சொல்லத் தயங்குகிறார்கள் என்பது எனக்குத் தெரியும்.

ஆனால் அந்தப் பையனிடம் இவற்றையெல்லாம் நான் சொல்லவில்லை. அவனுக்கு வேறொருவரைப் பற்றிச் சொன்னேன். "எஸ். வி. சுப்பையா என்ற நடிகரைக் கேள்விப்பட்டிருக்கிறாயா?" என்றேன். இல்லை என்றான். அவன் பிறந்ததற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே, 1980இல், அவர் காலமாகிவிட்டார். பெரியவர்களாகிய உங்களுக்கு நினைவிருக்கும். இளையோருக்காக இதை எழுதுகிறேன்.

நான் சிறுவனாயிருந்த காலத்தில் எங்கள் தெருவில் ஒரு வீட்டில்தான் தொலைக்காட்சிப் பெட்டி இருந்தது. ஞாயிறு மாலையில் தமிழ்ப்படம். அதே வேளையில்தான் கோவிலில் செபமாலையும் நற்கருணை ஆசீரும். இரண்டுக்குமிடையே என் போன்ற சிறுவர்கள் பட்ட பாட்டை இங்கே விவரிப்பது ஒரு குருவானவருக்கு அழகாகாது. ஒரு ஞாயிறன்று மட்டும் என் தாயாரே எங்களை அழைத்துச் சென்றார். படத்தின் பெயர் அப்படி. "பாவமன்னிப்பு" என்றால் கோவில் சம்பந்தப்பட்ட படமாகத்தான் இருக்கும் என்று அவர் முடிவு செய்துவிட்டார். பாவசங்கீர்த்தனம் என்று சொல்லிப் பழகிய தலைமுறை அல்லவா அது!

பீம்சிங் இயக்கத்தில் 1961இல் வெளிவந்த அப்படத்தில் சிவாஜி கணேசன் ரகீம் என்ற முஸ்லிம் இளைஞராக வருகிறார். அவரை வளர்த்த பெரியவராக நாகையா. தேவிகா ஏற்றது மேரி என்ற கிறிஸ்தவப் பெண்ணின் பாத்திரம். அந்த மேரிக்குத் தந்தையாக, ஜேம்ஸ் என்ற பெயரில் வருபவர்தான் சுப்பையா. செல்வரிடம் ஊழியம் பார்த்து, செய்யாத குற்றத்தின் பழியைச் சுமக்கும் மனிதர் இந்த ஜேம்ஸ். அவர் கிறிஸ்தவர் என்பதைக் காட்டுவதற்காக ஆங்கிலம் கலந்து பிதற்றவில்லை, குடித்துவிட்டுத் தள்ளாடவில்லை, பேச்சுக்குப் பேச்சு சிலுவை போட்டுக்கொள்ளவுமில்லை. நம் பங்கில் மூன்றாவது பெஞ்சில் உட்காரும் ஒருவரைப் போல, கவலையும் கூச்சமும் கொஞ்சம் கோபமும் உள்ள ஒரு தகப்பனாராக இருந்தார். என் தாயார் வீடு திரும்பும்போது, "அந்த ஜேம்ஸ் எந்தக் கோவிலைச் சேர்ந்தவரோ?" என்று கேட்டது இன்றும் என் காதில் இருக்கிறது. சுப்பையா கிறிஸ்தவர் அல்லர் என்று யாரோ சொன்னபோது அவர் நம்பவில்லை.

செங்கோட்டையில் 1920இல் பிறந்தவர் சுப்பையா. சிறுவயதிலேயே நாடகக் கம்பெனியில் சேர்ந்து, பின்னர் டி. கே. எஸ். சகோதரர்களின் சபையிலும் நடித்துப் பயின்றார். அந்தக் கம்பெனிகளில் ஒரு பிள்ளைக்கு இன்று ராஜா வேடமென்றால் நாளை சேவகன் வேடம் விழும். இரண்டையும் ஒரே சிரத்தையோடு செய்யாவிட்டால் வாத்தியாரின் பிரம்பு பேசும். அந்தப் பயிற்சி அவரிடம் கடைசிவரை தங்கியிருந்தது. முப்பதாண்டுகளுக்கு மேல் திரையில் நடித்தும் அவர் பெரும்பாலும் கதாநாயகர் ஆகவில்லை. தகப்பனார், தம்பி, நண்பர், புரோகிதர், கடைக்காரர் என்று, கதையின் நடுவில் நிற்கும் ஒருவருக்கு அருகில் நின்றார்.

"பாவமன்னிப்பு" வந்த அதே 1961இல்தான் பந்துலுவின் "கப்பலோட்டிய தமிழன்" வந்தது. ம. பொ. சிவஞானம் எழுதிய வாழ்க்கை வரலாற்றைத் தழுவிய படம். சிவாஜி கணேசன் வ. உ. சிதம்பரனார், சுப்பிரமணிய சிவாவாக, சுப்பையாவின் பழைய நாடக ஆசான்களில் ஒருவரான டி. கே. சண்முகம், பாரதியாராகச் சுப்பையா. பாரதியாருக்கு இளமையில் வீட்டில் வழங்கிய பெயரும் சுப்பையாதான். கலெக்டர் ஆஷை 1911இல் மணியாச்சியில் சுட்ட வாஞ்சிநாதனும் செங்கோட்டைக்காரர். அந்த மண்ணின் பிள்ளைக்கு இந்த வேடம் வந்து சேர்ந்ததை எப்படிச் சொல்வது! தலைப்பாகையும் கறுப்புக் கோட்டும் முறுக்கிய மீசையுமாக அவர் வந்து நின்றதைப் பார்த்த ஒரு தலைமுறைக்கு, பாரதி என்றால் அதற்குப் பிறகு அந்த முகம்தான். பாரதியாரையே நாயகராக வைத்து 2000ஆம் ஆண்டில் ஒரு முழுப்படம் வந்தது; மராத்திய நடிகர் சாயாஜி ஷிண்டே மிக நன்றாக நடித்தார். ஆனால் சுப்பையாவுக்குக் கிடைத்தது முழுப்படம் அன்று. மற்றொருவருடைய கதையில் சில காட்சிகள். நண்பன் சிறையில் செக்கிழுக்கும் செய்தியைக் கேட்டு வெளியே துடிக்கிற வேதனை அவருடைய பங்கு. செக்கிழுப்பவனைப் பார்த்து நாம் அழுவது எளிது. செக்கிழுக்க முடியாமல் வெளியே நிற்பவனுக்காகவும் நம்மை அழச் செய்தார் என்பதே அவருடைய பெருமை.

துறைமுகத்தை நம்பி வாழும் நம் குடும்பங்கள் அந்தப் படத்தை ஒருமுறையேனும் பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்க்க வேண்டும். வெளிவந்தபோது பணம் சேர்க்காத படம் அது. நல்லவற்றுக்கு அது புதிதல்ல.

ஆண்டு ஒன்றுதான். ஒரு கையில் ஜேம்ஸ், மறு கையில் பாரதி. இரண்டு பேருக்கும் குரல் ஒன்றே: சற்றே நடுங்கி, முடிவில் தழுதழுக்கும் அந்தக் குரலை எந்த இருட்டிலும் அடையாளம் கண்டுகொள்ளலாம். ஆயினும் ஜேம்ஸைப் பார்க்கும்போது பாரதி நினைவுக்கு வருவதில்லை.

அதற்கு முன்பே 1959இல் "பாகப்பிரிவினை". ஒரே கூரையின்கீழ் வாழும் அண்ணன் தம்பி, அண்ணனாக டி. எஸ். பாலையா, தம்பியாகச் சுப்பையா. கை விளங்காத மகன் கண்ணையனாகச் சிவாஜி. வீட்டின் குறுக்கே சுவர் எழும்புகிறது. சொத்தைப் பிரிப்பதைவிட, அண்ணனுக்கு எதிரில் நின்று பேச நேர்ந்ததே அந்தத் தம்பியை முறிக்கிறது. பங்காளிச் சண்டையில் சமாதானம் பேசப் போகும் நாட்களில், இந்தத் தெருக்களின் ஒற்றைச் செங்கல் சுவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த முகம் நினைவுக்கு வருகிறது. மறு ஆண்டில் வந்த "களத்தூர் கண்ணம்மா"வில் கண்ணம்மாவின் தந்தையான ஏழைக் குடியானவர். மானத்துக்கு அஞ்சி, மகளுக்குப் பிறந்த குழந்தையை அநாதை இல்லத்தில் விட்டுவிட்டு, அது இறந்துவிட்டதென்று அவளிடம் பொய் சொல்கிறார். கொடுஞ்செயல்தான். ஆனால் வெறுக்க முடியாதபடி அதைச் செய்கிறார். பாவத்தைக் கண்டித்துவிட்டுப் பாவியை நேசிப்பதென்பது எத்தனை கடினம் என்று குருமடத்தில் எங்களுக்குப் பக்கம் பக்கமாகப் படிப்பித்தார்கள். சுப்பையா அதை ஒரு காட்சியில் செய்து காட்டிவிடுகிறார்.

பக்திப் படத்திலும் அவரைக் காணலாம். 1971இல் வந்த "ஆதிபராசக்தி"யில் அவர் அபிராமி பட்டர். திருக்கடவூர் அம்மன் சந்நிதியில், அமாவாசையைப் பௌர்ணமி என்று சொல்லிவிட்டு அரசனுடைய தண்டனைக்கு ஆளாகும் பக்தர். நம் விசுவாசம் வேறு; அதில் ஐயமில்லை. ஆயினும் ஒரு மனிதன் தன் இறைவனிடம் மன்றாடும்போது அவனுடைய தொண்டை எப்படி அடைத்துக்கொள்ளும் என்பதை அதில் பார்த்தேன். மேடையில் நின்று பாடுகிறவர்களாகிய நமக்கு அது சில வேளைகளில் மறந்துபோகிறது. அதே ஆண்டில் "மூன்று தெய்வங்கள்": சிறையிலிருந்து தப்பிவந்த மூவர் அடைக்கலமாக நுழையும் வீட்டின் சாதுவான கடைக்காரர். அதை விவரிக்கத் தேவையில்லை. பார்த்துச் சிரியுங்கள், கடைசியில் கைக்குட்டையையும் தேடுங்கள்.

பாலசந்தரின் "அரங்கேற்றம்" 1973இல் வந்தபோது பல பங்குகளில் அதைப் பார்க்கக் கூடாதென்று பெரியவர்கள் சொல்லியிருப்பார்கள். அப்படத்தின் குடும்பக் கட்டுப்பாட்டுப் பிரசாரம் நம் திருச்சபையின் படிப்பினைக்கு ஒத்ததன்று. அதை நான் மறைக்கவில்லை. ஆனால் அதில் சுப்பையா ஏற்ற ராமு சாஸ்திரிகள் பாத்திரத்தைப் பற்றி நான் பேச விரும்புகிறேன். வறுமையிலும் ஆசாரம் வழுவாத புரோகிதர். வீடு நிறையப் பிள்ளைகள். குடும்பத்தின் பசியைத் தீர்க்க வெளியூருக்கு வேலைக்குப் போன மூத்த மகள், தன் உடலையே விற்க நேர்கிறது. அவள் அனுப்பும் பணத்தில் வீடு நிமிர்கிறது. உண்மை தெரிந்ததும் அதே வீடு அவளைத் தள்ளிவிடுகிறது. அந்தத் தகப்பனாரைப் பார்க்கும்போது என்னுடைய ஆசனத்திலேயே நான் நெளிந்தேன். நானும் பலிபீடத்தண்டை நிற்பவன். நியமங்களைக் கைக்கொள்ளும் ஒருவன், எந்த நேரத்தில் இரக்கத்தைக் கைவிடுகிறான் என்பது அவனுக்கே தெரிவதில்லை. சாஸ்திரிகளைச் சுப்பையா கேலி செய்திருக்கலாம். அக்காலத்தில் அதற்குக் கைதட்டலும் கிடைத்திருக்கும். அவர் அதைச் செய்யவில்லை. அந்த மனிதருடைய நேர்மையை முழுவதும் நமக்குக் காட்டினார். அதனால்தான் அந்த வீட்டின் வாசல் மூடுவது நம் நெஞ்சில் இடிக்கிறது.

எல்லாப் படங்களிலும் அவர் இவ்வளவு சிறந்தார் என்று சொல்வது முகத்துதியாகும். சில படங்களில் கண்ணீர் அளவுக்கு மிஞ்சிப் போயிற்று. குரலை நடுங்கவைப்பதே நடிப்பு என்று இயக்குநர்கள் அவரிடம் மறுபடி மறுபடி கேட்டு வாங்கியிருக்கிறார்கள். அப்படியும் அழுகைக்குக் கீழே ஒரு மனிதர் இருப்பார்.

அவர் தாமே தயாரித்த படம் ஒன்று உண்டு: ஜெயகாந்தனின் "கைவிலங்கு" என்ற கதையைத் தழுவி 1969இல் வந்த "காவல் தெய்வம்". சொந்தப் பணத்தில் படமெடுக்கும் நடிகர் தமக்கு எந்த வேடத்தை எடுத்துக்கொள்வார்? பெரும்பாலோர் கிரீடத்தை எடுத்துக்கொள்வார்கள். சுப்பையா எடுத்துக்கொண்டது ஒரு சிறை அதிகாரியின் வேடம். கைதியாகச் சிவகுமார், சாமுண்டி என்ற கௌரவ வேடத்தில் சிவாஜி கணேசன் வந்து அனைவருடைய கண்களையும் தம் பக்கம் இழுத்துக்கொண்டு போகிறார். தயாரிப்பாளர் அதற்கு இடம் கொடுத்து ஒதுங்கி நிற்கிறார். நான் புழல் சிறைக்கு அவ்வப்போது போய்வருபவன். அங்கே உள்ளே இருப்பவர்களில் பலர் என்னிடம் கேட்பது பெரிய உதவிகளை அன்று. தங்களை எண்ணால் அழைக்காமல் பெயரால் அழைக்க வேண்டுமென்பதே. அந்தப் படத்தில் வரும் அதிகாரி கைதிகளைப் பார்க்கும் பார்வையில் அது இருக்கிறது.

புழலைத் தாண்டி, செங்குன்றத்துக்கும் வடக்கே சென்றால் காரனோடை. அங்கே நிலம் வாங்கி, படப்பிடிப்பு இல்லாத நாட்களில் மண்வெட்டி பிடித்து உழவராக வாழ்ந்தார் சுப்பையா. காரனோடைப் பாலத்தின் கீழே ஓடும் கொசஸ்தலையாறுதான் நம் எண்ணூரில் வந்து கடலில் விழுகிறது. ஆக, அவர் நமக்கு அந்நியர் அல்லர். ஓர் ஆற்றின் மேல்கரைக்காரர். குடியானவர் வேடத்தில் அவர் துண்டை உதறித் தோளில் போடும் விதம் யாரும் கற்பித்து வந்ததன்று என்று எனக்கு இப்போது புரிகிறது.

இவ்வளவையும் கேட்டுவிட்டு அந்தப் பையன், "அதெல்லாம் பெரிய நடிகருங்க சாமி. அவங்களுக்கு வசனம் குடுப்பாங்க. நான் பின்னால நிக்கிற ஆளு" என்றான். நியாயமான பதில். எனக்கு உடனே மறுமொழி கிடைக்கவில்லை.

இரவில் யோசித்தேன். தவக்காலத்தில் சிலுவைப் பாதையின் ஐந்தாம் தலத்தில் நாம் முழந்தாளிடுகிறோம். சிரேனே ஊரானாகிய சீமோன், நாட்டுப்புறத்திலிருந்து வந்துகொண்டிருந்தவன். கூட்டத்தில் ஒருவனாய் நின்றவனைச் சேவகர்கள் பிடித்து இழுத்துச் சிலுவையைச் சுமத்துகிறார்கள். அவனுக்கும் வசனமில்லை. ஆனால் மாற்கு அந்த ஒற்றை வரிக்குள், அவன் எந்த ஊரான் என்று மட்டும் சொல்லி நிறுத்தவில்லை. அலெக்சாந்தர், ரூபு என்ற அவனுடைய இரண்டு பிள்ளைகளின் பெயர்களையும் சேர்த்து எழுதிவைக்கிறார். கதை நடத்திச் செல்கிற அவசரத்தில் அதற்கு என்ன தேவை? அவன் ஒரு குடும்பத்துக்காரன் என்று மாற்குவுக்குத் தெரிந்திருந்தது. அதை விட்டுவிட அவருக்கு மனம் வரவில்லை.

மறுபடி அவனைக் கண்டபோது இதைச் சொன்னேன். அத்துடன் "சார்பட்டா பரம்பரை"யையும் நினைவூட்டினேன். 2021இல் வந்த அந்தப் படத்தை அவன் பல தடவை பார்த்திருக்கிறான். நம் பக்கத்துக் குத்துச்சண்டைப் பரம்பரைகளின் கதை. அதில் ஜான் விஜய் ஏற்ற "டாடி" என்ற ஆங்கிலோ இந்தியப் பெரியவரை எடுத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலமும் நம் பேட்டைத் தமிழும் கலந்து பேசிக்கொண்டு, கபிலன் என்ற அந்த இளைஞனை மகன்போலத் தாங்குகிறவர். முன்பெல்லாம் அந்தச் சட்டையையும் அந்தப் பேச்சையும் கேலிக்கென்றே வைத்தார்கள். இங்கே அவர் ஒரு வீட்டின் பெரியவர். இராயபுரத்தில் அத்தகைய குடும்பங்களோடு வளர்ந்தவர்களுக்கு அந்தப் படத்தில் மிகவும் பிடித்தவர் யாரென்று கேட்டுப் பாருங்கள், நாயகனுக்கு முன்னால் டாடியின் பெயரைச் சொல்வார்கள்.

தாயின் கேள்விக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை என்பதை மறக்கவில்லை. நடித்தது பாவமன்று என்று அவளிடம் சொன்னேன். பிள்ளை பசிக்கு வேலை செய்தான். பாவம் இருக்குமானால், செபமாலை எந்தக் கழுத்துக்குப் பொருத்தம் என்று அலங்கார அறையில் முடிவு செய்தவர்களைச் சேரும். அதையும் அவர்கள் தெரியாமல் செய்திருக்கலாம். அவள் முழுவதும் சமாதானமானதாகத் தெரியவில்லை. "அப்ப நாலாவது ஆளுன்னு ஏன் சாமி சொல்றாங்க? பேரு வெச்சுத்தானே ஞானஸ்நானம் குடுத்தோம்" என்றாள். அந்த ஞானஸ்நானப் பதிவேடு என் மேசைக்குப் பின்னாலுள்ள அலமாரியில்தான் இருக்கிறது.

அவன் இரண்டாம் முறையும் படப்பிடிப்புக்குப் போய் வந்தான். அதே கூட்டம், அதே வெயில். இந்தத் தடவை செபமாலையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, "எங்க அம்மா வருத்தப்படுறாங்க சார்" என்று உதவி இயக்குநரிடம் சொன்னானாம். அவர் கோபிக்கவில்லை. ஒரு கணம் பார்த்துவிட்டு, சரி என்று வாங்கி வைத்துக்கொண்டார். பிறகு, "உன் பேரென்ன?" என்று கேட்டாராம். கதைக்கான பெயரையா, சொந்தப் பெயரையா என்று இவனுக்கு விளங்கவில்லை. சொந்தப் பெயரைச் சொல்லியிருக்கிறான்.

படம் வருகிற பண்டிகைக்கு வெளியாகுமாம். தண்டையார்பேட்டை அகஸ்தியா 2020இல் மூடப்பட்டுவிட்டதால் தூரம் போய்த்தான் பார்க்க வேண்டும். தாய் இப்போதே மீன்கூடையில் காசு சேர்க்கிறாள். மூன்று விநாடி வருகிறானாம். நானும் வருவதாகச் சொல்லியிருக்கிறேன். ஞாயிறு மாலைக் காட்சி மட்டும் வேண்டாம் என்று நிபந்தனை போட்டிருக்கிறேன்.